சிரங்கு போகிறது, அடுத்த வள்ளத்தில் திரும்பி வருகிறது

வள்ளத்து ரீச்சர் எழுதுகிறார்:

வணக்கம். குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போகிற தீவுகளில் ஒன்றில் தரம் 3 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். தீவின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால், "எங்கள் பிள்ளைகளைச் சொறிப்பிள்ளைகள் என்று ஊருலகத்துக்கு அறிவித்துவிட்டீர்களே" என்று யாராவது ஒரு தாய் நாளைக்கே வந்து நிற்பார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

வகுப்பில் 19 பிள்ளைகள். தைப்பொங்கல் லீவு முடிந்து வந்தபோது நான்கு பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். மாசி நடுவில் ஒன்பது பேர். இப்போது பங்குனி, எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொல்வதெழுதுதல் நேரத்தில் பென்சிலைக் கீழே வைப்பான், வலது கை விரல் இடுக்கை இடது கையால் சொறிவான், பிறகு பென்சிலை எடுப்பான். அதற்குள் நான் இரண்டு சொல் தாண்டிவிடுவேன். போன தவணை பத்துக்கு ஒன்பது வாங்கியவன் இந்தத் தவணை பத்துக்கு நான்கு. இரவில் அவன் நித்திரை கொள்வதே இல்லை என்று தாய் சொன்னார்.

வைத்தியரிடம் காட்டினோம். பார்த்தவுடனேயே சிரங்கு என்றார். பால்போல வெள்ளையாக ஒரு பூசுமருந்து, பென்சைல் பென்சோயேற், கொடுத்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் பூசச் சொன்னார். சொறிந்து புண்ணான இடத்தில் அது பட்டால் தீப்போல எரியும். பிள்ளைகள் போடுகிற கூச்சலில் தாய்மார் விரல் இடுக்கில் மட்டும் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு கிழமை சுகம். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

அதிபர் காலைக் கூட்டத்தில் சுத்தத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பவுசரில் தண்ணீர் வருகிற ஊரில், குடத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்த பிள்ளைகளிடம், தினமும் இரண்டு தடவை குளிக்கச் சொல்லிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சிரங்கு அழுக்கால்தான் வருகிறதா?

கனடாவில் இருக்கும் என் மச்சாள் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். பிஜி நாட்டில் தீவு முழுவதற்கும் குளிகை கொடுத்துச் சிரங்கை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார்களாம். வைத்திய ஆராய்ச்சி என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? அங்கே செய்தது இங்கே பலிக்குமா?

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். பத்து நாளாக எனக்கும் கடிக்கிறது. மணிக்கட்டில், இடுப்பில், இரவானால் கூடுதலாக. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொக்குவிலுக்கு வீட்டுக்கு வருகிறேன். ஐந்து வயது மகள் என் கைக்குள்தான் படுப்பாள். இந்தக் கிழமை அவளை என் அம்மாவோடு படுக்க விட்டேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.


கிணற்றடி எழுதுகிறார்:

ரீச்சர், துணியெல்லாம் அவியுங்கள், பாயைக் கொளுத்துங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் அதைச் செய்து பார்த்தவர்கள். 95 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பது குடும்பம் கால்மாடு தலைமாடாகப் படுத்தோம். மார்கழி முடிவதற்குள் மண்டபம் முழுவதும் சிரங்கு. அம்மா மூன்று நாள் கிடாரத்தில் துணி அவித்தார். மூட்டையில் கொண்டுவந்த கூறைச்சேலையையும் விடவில்லை. சிரங்கு போகவில்லை. கூறைச்சேலைதான் போயிற்று.

அம்மா இருக்கும்வரை அந்தச் சேலையைச் சொல்லிச் சொல்லி அழுதார். ஆகவே உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேறு யாராவது சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்.


வேப்பங்குச்சி எழுதுகிறார்:

பிஜிக்கு ஏன் போகிறீர்கள்? வேலிக்கரையில் நிற்கிற வேம்பைப் பாருங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது எங்கள் பரியாரிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. ஆராய்ச்சி வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1992 இல் வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றிலேயே வந்தது. 814 பேருக்கு வேப்பிலை மஞ்சள் பசையைப் பூசியதில் 97 சதவீதமானவர்களுக்கு 3 முதல் 15 நாட்களுக்குள் சுகம். எரியாது, பிள்ளை கத்தாது, காசும் இல்லை. வெள்ளைக்காரன் எழுதினால்தான் நம்புவோம் என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.


பழைய மருந்துக்கலவை எழுதுகிறார்:

ரீச்சர், 31 வருடம் மருந்துக் கலவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பென்சைல் பென்சோயேற் எத்தனை ஆயிரம் போத்தல் ஊற்றிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அந்த மணம் மூக்கில் நிற்கும். ஊற்றிக் கொடுத்தேன், துண்டில் எழுதியபடி பூசச் சொன்னேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன். வேறு ஒன்றும் கேட்டதில்லை. அதன் விலையை ஒரு குடும்பம் கொடுத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

வடமராட்சியில் கடற்கரையோரம் ஒரு ஊரில் அப்போது வேலை. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். சிரங்கு. இரண்டு போத்தல் கொடுத்தேன். ஆறு கிழமை கழித்து மறுபடி வந்தார், மறுபடி இரண்டு போத்தல். மூன்றாம் முறை வந்தபோது, "ஒழுங்காகப் பூசினால்தானே போகும்" என்று எரிந்து விழுந்தேன். அந்த மனுசி ஒரு சொல்லும் பேசவில்லை. போத்தலை வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார்.

அவருடைய கணவர் சைக்கிள் திருத்துகிறவர். ஒருநாள் என் சைக்கிளுக்குப் பின்சில்லு நெளிந்துவிட்டதென்று அந்த வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் சாய்வு கதிரையில் ஒரு அம்மம்மா இருந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அந்த இரண்டு பிள்ளைகளில் சின்னவன் அவர் மடியில் கிடந்து, அவர் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன். விரல் மொளிகளில் சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காக, பழைய மதிலில் சுண்ணாம்பு வெடித்து நிற்குமே, அப்படி. நகங்கள் தடித்து, அடியில் மா அடைத்தது போல. கதிரைக்குக் கீழே சீமெந்தில் வெள்ளைத் துகள் கொட்டிக் கிடந்தது. மருமகள் தினமும் இரண்டு தடவை கூட்டுவாராம்.

"அது பழைய கரப்பன்" என்றார்கள். ஆறு மாதமாக ஒரு மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசினார்கள். களிம்பின் ரியூபை எடுத்துப் பார்த்தேன். ஸ்டெரொய்ட். "அம்மம்மாவுக்குக் கடிக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை, அவர் சொறிவதே இல்லை என்றார்கள்.

தோல் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தோம். பொருக்கைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால், எங்கே பார்த்தாலும் பூச்சியும் முட்டையும். பொருக்குச் சிரங்கு என்பது அது. சாதாரணச் சிரங்கில் ஒரு உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். இந்த வகையில் ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில். அந்த வைத்தியர் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். 1848 இல் நோர்வேயில் தொழுநோயாளர்களிடம்தான் இதை முதலில் கண்டு எழுதினார்களாம். உணர்ச்சி குறைந்த தோல், சொறிய ஏலாத கை, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு, இவற்றில்தான் பூச்சி கட்டுப்பாடில்லாமல் பெருகும். ஸ்டெரொய்ட் களிம்பு கடியை அடக்கும், பூச்சிக்கு ஒன்றும் செய்யாது. தோல் பார்வைக்குக் கொஞ்சம் ஆறினது போலத் தெரியும், உள்ளே அது தன் பாட்டில் பெருகிக்கொண்டிருக்கும்.

அம்மம்மாவை வார்டில் வைத்துக் குளிகையும் பூச்சும் மாறி மாறிக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்த ஏழு பேருக்கும் ஒரே இரவில் பூசினோம், ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை. அதற்குப் பிறகு அந்தத் தாய் போத்தலுக்கு வரவில்லை. சந்தையில் கண்டால் சிரிப்பார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

இப்போது உங்கள் விஷயம். 19 வீட்டிலும் படுக்கையிலோ கதிரையிலோ கிடக்கிற வயதானவர் யாரும் உண்டா, கையில் காலில் பொருக்கு உண்டா என்று கேளுங்கள். குடும்ப நல உத்தியோகத்தருக்கு அந்த வீடுகள் எல்லாம் தெரியும், அவரைப் பிடியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது வள்ளத்தோடு போய்விடும்.

இன்னும் ஒன்று. சொறிந்த புண்ணில் சீழ் வைத்த பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். அந்தச் சீழ்க் கிருமி சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். காலையில் முகம் ஊதியிருந்தால், சிறுநீர் சாயம் கூடிய தேத்தண்ணி நிறத்தில் போனால், அடுத்த வள்ளத்திலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சிரங்குதானே என்று இருக்கக்கூடாது.


வள்ளத்து ரீச்சர் எழுதுகிறார்:

ஐயா, உங்கள் கதையை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து மூன்று பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள், மூன்று பேருக்கும் முதலிலேயே வந்தது. அவர்களுடைய பெரிய தாத்தா ஒருவர் பின்னறையில் படுக்கையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. நாளைக்கு விசாரிக்கிறேன்.

பிஜி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?


நுணுக்குக்காட்டி எழுதுகிறார்:

ரீச்சர், நான் வைத்தியன் அல்லன். உரும்பிராயில் பிறந்து, கொழும்பில் ஒரு மருத்துவ ஆய்வு அணியில் ஐந்து வருடம் தரவு பதிகிறவனாக வேலை செய்தவன். ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உங்கள் மச்சாள் அனுப்பியது உண்மைச் செய்தி. ஆய்வு 2015 இல் வெளிவந்தது. பிஜியின் சிறு தீவுகளில் 2051 பேர் பங்குபற்றினார்கள். மூன்று பிரிவு. முதலாவதில் வழமைபோல, சிரங்கு உள்ளவருக்கும் அவரோடு நெருங்கி இருப்பவர்களுக்கும் மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சுக் களிம்பு. இரண்டாவதில் சிரங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரில் எல்லாருக்கும் அந்தக் களிம்பு. மூன்றாவதில் எல்லாருக்கும் ஐவர்மெக்ரின் குளிகை, சிரங்கு இருந்தவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை. இரண்டாம் தடவை ஏன் என்றால், அந்தக் குளிகை பூச்சியைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குளிகைக்குப் பதிலாகக் களிம்பு.

ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். வழமையான பிரிவில் 100 பேருக்கு 36.6 ஆக இருந்தது 18.8 ஆயிற்று. எல்லாருக்கும் களிம்பு பூசிய பிரிவில் 41.7 இலிருந்து 15.8. குளிகைப் பிரிவில் 32.1 இலிருந்து 1.9. சீழ்ப்புண்ணும் கூடவே குறைந்தது. யானைக்கால் நோய்க்கு ஊர் முழுவதற்கும் குளிகை கொடுத்து, அதை ஒழித்ததாக 2016 இல் சான்றிதழ் வாங்கிய நாடு எங்களுடையது. ஆகவே இந்த முறை இங்கே புதினம் இல்லை.

நம்பலாமா என்றால் நம்பலாம். அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்கலாமா என்றால், கொஞ்சம் பொறுங்கள். அங்கே சூழக் கடல், வந்து போவோர் குறைவு, அதனால்தான் அந்தத் தீவுகளைத் தேர்ந்தார்கள். உங்கள் தீவிலும் சூழக் கடல்தான், ஆனால் வெள்ளிக்கிழமை நீங்களே வள்ளம் ஏறுகிறீர்கள். அந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது முதலாவது பிரிவு. புது மருந்து ஒன்றும் இல்லாமல், சிரங்கு உள்ளவருக்கும் கூட இருப்பவருக்கும் பூசியதிலேயே பாதியாகக் குறைந்திருக்கிறது. குளிகை கிடைக்குமா, கொடுக்கலாமா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி தீர்மானிக்கட்டும். அதற்காகப் பூச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அழுக்குக் கதை. கிணற்றடி அக்காவின் அம்மாவுடைய கூறைச்சேலைக்காகவே இதை எழுதுகிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் படையில் சிரங்கு மலிந்து கிடந்தது. போர்வையால்தான் பரவுகிறது என்று நினைத்து, வண்டி வண்டியாகப் போர்வைகளை அவித்தார்கள். கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். ஆயுதம் தூக்கமாட்டோம் என்று மறுத்த இளைஞர்கள் சிலர் ஷெபீல்ட் நகரில் ஒரு வீட்டில் தங்கி, தாங்களாகவே இதற்கு முன்வந்தார்கள். சிரங்குப் படைவீரர்கள் அன்றுவரை போர்த்திய போர்வைக்குள் அவர்கள் உடுப்பில்லாமல் படுத்தார்கள். 63 தடவை அப்படிச் செய்ததில் இரண்டு பேருக்குத்தான் தொற்றியது. சிரங்கு உள்ளவரோடு ஒரே படுக்கையில் படுத்தபோதுதான் சுலபமாக வந்தது. தோலோடு தோல் நெடுநேரம் பட வேண்டும், அவ்வளவுதான். தென்மராட்சி மண்டபத்தில் பரவியதற்குக் காரணம் முப்பது குடும்பமும் நெருக்கியடித்துப் படுத்தது. சேலை ஒரு பாவமும் செய்யவில்லை. போட்ட உடுப்பையும் விரிப்பையும் ஒரு தடவை வெந்நீரில் தோய்த்தால், அல்லது பையில் கட்டி மூன்று நான்கு நாள் வைத்தால் போதும். உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பொருக்குச் சிரங்கு உள்ள வீடு மட்டும் வேறு, அங்கே துகளிலேயே பூச்சி இருக்கும். அங்கே நன்றாகக் கூட்டிக் கழுவ வேண்டும்.

உங்கள் அதிபருக்கும் இதைச் சொல்லலாம். இரண்டு தடவை குளித்தாலும் பூச்சி தோலுக்குள் சுரங்கம் வெட்டித்தான் இருக்கிறது, தண்ணீர் அங்கே போகாது.

மெலன்பி கண்ட இன்னொன்று உங்களுக்கு நேரே பொருந்தும். முதல் முறை தொற்றியவருக்கு நாலைந்து கிழமை ஒன்றுமே தெரியாது. பூச்சி இருக்கும், முட்டை இடும், கடி இருக்காது. உடம்பு அதை ஒவ்வாமையாக உணரத் தொடங்கிய பிறகுதான் கடி. ஒரு தடவை வந்து சுகமானவருக்கு மறுபடி தொற்றினால் ஓரிரு நாளிலேயே கடிக்கும். உங்களுக்குப் பத்து நாளாகக் கடிக்கிறது என்றால், தொற்றியது மாசி முற்பகுதியிலோ அதற்கு முன்னரோ இருக்கும். அத்தனை கிழமையும் மகள் உங்கள் கைக்குள்தானே படுத்தாள்? இந்தக் கிழமை அவளை உங்கள் அம்மாவோடு படுக்க விட்டதில், மன்னியுங்கள் ரீச்சர், இப்போது அம்மாவையும் கணக்கில் சேர்க்கவேண்டியதாகிவிட்டது. கடி இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லாருக்கும் ஒரே இரவில் மருந்து. பிள்ளைக்கு என்ன அளவு, எத்தனை பங்கு தண்ணீர் கலப்பது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். வகுப்பிலும் இதே கதைதான். கடிக்கிற ஒன்பது பேருக்குப் பூசிவிட்டுக் கடிக்காத பத்துப் பேரை விட்டால், அந்தப் பத்திலிருந்து திரும்ப வரும்.

வேப்பங்குச்சி அண்ணா, நீங்கள் சொன்ன 814 பேர் ஆய்வு இருக்கிறது, எண்களும் சரி. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லை. வேறு பசை பூசியவர்கள், அல்லது பெர்மெத்ரின் பூசியவர்கள் என்று பக்கத்தில் ஒரு கூட்டம் இருந்திருந்தால்தான் 97 இல் வேம்பின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியும். எழுதியவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் தலைப்பில் போட்டார்கள். அதற்காக ஊர்க் கிழவிகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கதை கேளுங்கள். 1812 இல் பரிஸில் காலே என்பவர் சிரங்குப் பூச்சியைக் கண்டுவிட்டேன் என்று படம் காட்டினார். பிறகு பார்த்தால் அது பாலாடைக்கட்டியில் வாழ்கிற பூச்சியின் படம். பேராசிரியர்கள் ஏமாந்த கோபத்தில் அப்படி ஒரு பூச்சியே கிடையாது என்று இருந்துவிட்டார்கள். 1834 இல் கோர்சிக்காத் தீவிலிருந்து படிக்க வந்த ரெனூச்சி என்ற மாணவன், அதே பேராசிரியர்கள் முன்னால் ஊசி முனையில் பூச்சியைத் தூக்கிக் காட்டினான். எங்கே படித்தான் என்றால், தன் ஊர்ப் பெண்களிடம். கொப்புளத்துக்குள் தேடிப் பயனில்லை, அதற்குப் பக்கத்தில் ஓடும் மெல்லிய கோட்டின் நுனியில் தேடவேண்டும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கோட்டை நீங்களே பார்க்கலாம், ரீச்சர். பேனை மையை விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தடவுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் துடையுங்கள். மேலே உள்ள மை போய்விடும், சுரங்கத்துக்குள் இறங்கிய மை நிற்கும். சிறிய, நெளிந்த, பெரும்பாலும் ஒரு சதமமீற்றருக்கும் குறைவான கோடு. தெரியாவிட்டால் சிரங்கு இல்லை என்று அர்த்தம் இல்லை. பத்துப் பூச்சியை உடம்பு முழுவதும் தேடிப் பிடிப்பது ஆய்வுகூடத்திலும் சுலபம் இல்லை. அதனால்தான் 2020 இல் சர்வதேச நிபுணர்கள் வெளியிட்ட வரையறையிலும் மூன்று படி வைத்திருக்கிறார்கள். பூச்சியைக் கண்டால் உறுதி. வழக்கமான இடத்தில் வழக்கமான கொப்புளமும், கடியும், கூட இருப்பவருக்கும் இருப்பதும் சேர்ந்தால் மருத்துவ முடிவு. அவற்றில் சில மட்டும் இருந்தால் சந்தேகம். உங்கள் வைத்தியர் பார்த்தவுடன் சொன்னது அலட்சியம் இல்லை.


வேப்பங்குச்சி எழுதுகிறார்:

கோர்சிக்கா ஊர்ப் பெண்கள் என்று கேட்டதும் மனம் கொஞ்சம் ஆறியது. ஒப்பிடாத ஆய்வு என்பதை ஒத்துக்கொள்கிறேன். யாராவது ஒப்பிட்டுச் செய்யட்டும், கைதடியில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள்தானே. அதுவரை ரீச்சரின் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்லமாட்டேன். எரிகிற மருந்தைப் பூசிய மறுநாள், குளித்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும். அதையாவது சொல்ல விடுங்கள்.


வள்ளத்து ரீச்சர் எழுதுகிறார்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

அந்தப் பின்னறைப் பெரிய தாத்தாவைக் குடும்ப நல உத்தியோகத்தர் போய்ப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. சாரத்தை விலக்கிப் பார்த்தால் முழங்காலிலும் பாதத்திலும் பொருக்கு. காய்ந்த தோல் என்று நல்லெண்ணெய் தடவி வந்தார்களாம். அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேற்று வள்ளக்காரர் காசு வாங்கவில்லை. அங்கே என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை, வேறு ஏதாவது நோயாகவும் இருக்கலாம் என்று உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார்.

சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் எழுத்தில் கொடுத்துப் பிரதியும் வைத்திருக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறார். 19 வீட்டின் பெயர்ப்பட்டியலைப் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் படுக்கிறார்கள், யாரோடு யார் படுக்கிறார்கள் என்று எழுதினேன். 19 வீட்டில் 112 பேர். ஒரு வீட்டில் பதினொரு பேர். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிள்ளைகள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக முன்னர் இரண்டு தடவையும் பூசி முடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

மைச் சோதனை செய்தேன். வீட்டில் மைப் பேனை இருக்கவில்லை, அப்பாவுடைய பழைய ஹீரோ பேனையை அலுமாரியில் தேடி எடுத்து, மைப்போத்தல் வாங்கி நிரப்பினேன். என் மணிக்கட்டில் துடைத்த பிறகு ஒன்றும் நிற்கவில்லை, இரண்டு தடவை பார்த்தேன். மகள் தனக்கும் மை பூசச் சொல்லி அடம்பிடித்தாள். விளையாட்டுக்குப் பூசிவிட்டுத் துடைத்தேன். இடது கையில் சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் நீலமாக ஒரு கோடு. நெளிந்து, முடிவில் ஒரு புள்ளி. அவளுக்குக் கடியே இல்லை.

இன்றிரவு வீட்டில் நான்கு பேருக்கும் பூசுகிறோம். வைத்தியர் மகளுடைய பங்கை அளந்து எழுதித் தந்துவிட்டார். வேறு ஏதாவது கவனிக்க வேண்டியது உண்டா?


பழைய மருந்துக்கலவை எழுதுகிறார்:

பூசுவதற்கு முன் நான்கு பேருடைய நகத்தையும் ஒட்ட வெட்டுங்கள், நகத்தடியிலும் பூசுங்கள். பூசிய பிறகு யாராவது சாப்பிடக் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூசவேண்டும். அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பிள்ளை விரல் சூப்புகிறவள் என்றால் கைக்குப் பழைய காலுறை போட்டுவிடுங்கள். பூசி முடிந்த பிறகும் இரண்டு மூன்று கிழமைக்குக் கடி கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துத் தினமும் பூசிக்கொண்டிருக்காதீர்கள், தோல்தான் பொசுங்கும்.

மகள் இன்றிரவே உங்களோடு படுக்கலாம்.